எட்டுச்செலவுக்கு வைத்த பாஸ்தா

எட்டுச்செலவு என்பது கணக்கு வழக்கு சம்பந்தப்பட்ட காரியம் அல்ல. செத்துப்போனவர் உயிரோடு இருந்தபோது எதையெல்லாம் ஆசைப்பட்டுச் சாப்பிட்டாரோ அதையெல்லாம் எட்டாம் நாள் சமைத்து, விளக்கேற்றி, இலையில் படைப்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். மீன் விருப்பமென்றால் மீன், சாராயம் விருப்பமென்றால் சாராயம். அன்றைக்கு ஒருவரும் முகம் சுளிக்கக்கூடாது. றஞ்சனா கண்டிக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் புருசனுக்கு இதைச் செய்யாமல் விடுவதாக அவள் நினைக்கவில்லை. அவள் நினைத்தாலும் மச்சாள் நிரஞ்சனி விடமாட்டாள்.

நிரஞ்சனி, செத்துப்போன நவரட்ணராஜாவின் தமக்கை. கரவெட்டியிலிருந்து செத்தவீட்டுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எட்டுச்செலவுக்கு முதல் நாளிரவு பஸ்ஸில் ஊரிலிருந்து ஒரு ஐஸ் பெட்டியும் வரவழைத்தாள். கணவாய், இறால், முருங்கைக்காய், கூழ் காய்ச்ச ஒடியல் மா என்று எல்லாம் வந்திறங்கின. விடிந்ததிலிருந்து கண்டி கெட்டம்பே வீட்டின் குசினி அவளுடைய ஆட்சியில்தான். வீட்டுக்காரி றஞ்சனா ஒரு கரண்டி எடுப்பதற்கும் அவளிடம் கேட்கவேண்டியிருந்தது.

"நீ உன்ர கையால என்ன வைக்கப்போறாய், பிள்ளை?" என்று மச்சாள் கணவாயைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"பாஸ்தா, மச்சாள்."

"அதென்ன, நூடில்ஸோ?"

"நூடில்ஸ் மாதிரித்தான். அவருக்கு அதெண்டால் நல்ல விருப்பம்."

மச்சாள் கணவாயை மறுபடியும் தண்ணீரில் போட்டு அலசினாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று றஞ்சனாவுக்குத் தோன்றியது.

இந்த றஞ்சனா கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். வடக்கிலிருந்து இங்கே நியமனம் பெற்று வருகிறவர்கள் வந்த மறுநாளே இடமாற்றத்துக்கு விண்ணப்பம் போடுவார்கள். இவள் போடவில்லை. நவரட்ணராஜாவுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட வேலை. அவருக்காக இவள் நின்றாள், மகள் சுகிர்தாவின் பள்ளிக்கூடத்துக்காகப் பிறகும் நின்றாள். அப்படியே மலைக்குளிரும் மழையும் பழகிப்போயின. பழகாதது பேராதனை வீதி ஒன்றுதான். வேலை முடிந்து பஸ் ஏறினால், நடந்து வந்தவன் முந்திவிடுவான். அவ்வளவு நெரிசல். வீட்டுக்குள் கால் வைக்கும்போது இருட்டிவிடும். அதற்குப் பிறகு தேங்காய் திருவி, பால் பிழிந்து, சோறும் இரண்டு கறியும் வைப்பதற்கு அவள் என்ன இரும்பா?

அலுவலகத்தில் பக்கத்து மேசை ருக்கியாதான் வழி காட்டினாள். "பாஸ்தா லேசான வேல மிஸ். அலுமாரில ஈக்கிற சாமான் போதும். டின் மீன், உள்ளி, வெங்காயம், காய்ஞ்ச மிளகா. தண்ணி கொதிக்கிற நேரத்துக்குள்ள மத்தது எல்லாம் முடிஞ்சிரும்" என்றாள். அவித்த தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து வைத்துக் கடைசியில் விடவேண்டும், அப்போதுதான் ஒட்டாமல் வரும் என்ற இரகசியத்தையும் சொல்லிக்கொடுத்தாள்.

முதல் நாள் றஞ்சனா பயந்து பயந்துதான் பாஸ்தாக் கோப்பையைப் புருசனிடம் நீட்டினாள். சோறில்லாமல் படுத்தறியாத மனிதர். அவர் ஒரு வாய் எடுத்தார், மென்றார், "நல்லாயிருக்கு" என்றார். பிறகென்ன? கேட்டவளுக்குத் தலைகால் தெரியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வைத்தது மூன்று நாளாயிற்று. வேலை கூடின மாதங்களில் திங்கள் தொடங்கி வெள்ளி வரைக்கும் அதுவேதான். அவர் ஒரு நாளும் கோப்பையில் மிச்சம் வைத்து எழும்பியதில்லை.

போன வாரம் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர் பிறகு எழும்பவில்லை. செத்தவீட்டன்று வெளியே கதிரைகளில் இருந்த இரண்டு பெண்கள் கதைத்தது றஞ்சனாவின் காதில் விழுந்தது.

"வேலைக்குப் போற பொம்பிளை. மனிசனுக்கு வாய்க்கு ருசியா ஒருநாள் எண்டாலும் சமைச்சுப் போட்டிருப்பாளோ?"

"இருட்டினாப் பிறகுதானே வீட்டை வாறவ."

ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் புருசனைப் பறிகொடுத்தவளின் காதுக்கு எட்டும் தூரத்திலா திறக்கவேண்டும் அந்த வாயை? அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாய் நின்றுவிட்டது. அழவேண்டிய நேரத்திலும் அவள் அதற்கு மறுமொழி தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்த ஒரே மறுமொழி இந்தப் பாஸ்தாதான். அவருக்கு விருப்பமான ஒன்று, வேறொருவரும் அல்ல, தான் சமைத்துப் போட்ட ஒன்று, படையலில் இருக்கவேண்டும். அதை ஊரும் பார்க்கவேண்டும், மச்சாளும் பார்க்கவேண்டும்.

பின்னேரம் கேஸ் அடுப்பு மச்சாளிடம் இருந்ததால், சின்ன அறையில் மின்சார அடுப்பை வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டாள். கைநிறைய உப்புப் போட்டாள். நீட்டுப் பாஸ்தாவை முறிக்காமல் இறக்கினாள். அது மெல்ல மெல்ல வளைந்து தண்ணீருக்குள் அமிழ்ந்தது. இன்னொரு சட்டியில் எண்ணெய் காய்ந்தது. சுகிர்தா உள்ளி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சும் கண்டிப் பேச்சு.

"இன்னும் ரெண்டு பல்லு உரி, பிள்ளை. அப்பாவுக்கு உள்ளி கூடப் போடவேணும்."

சுகிர்தா கையை நிறுத்தினாள். உரித்த உள்ளியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அம்மா... இத வைக்காதீங்கம்மா."

"ஏன்?"

"அப்பாவுக்கு இது பிடிக்காதும்மா."

றஞ்சனா கேட்காதவள்போல வெங்காயத்தைக் கிளறினாள். பிறகு திரும்பி, "ஆர் சொன்னது?" என்றாள்.

"அப்பாதான். தொண்டையில எறங்காதுன்னு சொல்லுவாரு. ரப்பர் நூல்னு நாங்க ரெண்டு பேரும் பேரு வச்சிருந்தோம். சொல்லிறாதடி, அம்மா பாவம், களைச்சுப் போயி வாறா, தெரிஞ்சா சோறாக்க நிப்பான்னு சொன்னாரு." பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். "இன்னிக்காவது அவருக்குப் பிடிச்சத வைங்கம்மா."

அவர் சாப்பிடும்போது பக்கத்தில் பெரிய கிளாஸில் தண்ணீர் வைத்துக்கொள்வார். உறைப்புக்கு என்று இவள் நினைத்திருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு. இத்தனை வருடம் எதிரில் இருந்து பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே அலுவலகக் கதை சொல்லியிருக்கிறாள்.

"அப்ப அப்பாவுக்கு என்னதான் விருப்பம்?" என்று கேட்டாள் றஞ்சனா. தாய் மகளிடம் கேட்கும் கேள்வியா இது? கேட்டபிறகுதான் அவளுக்கே விளங்கியது.

"தெரியாதும்மா. அவரு அதெல்லாம் சொல்லவே மாட்டாரு."

பாஸ்தா வெந்துவிட்டது. கை தன் பாட்டில் வேலை செய்தது. ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து வைத்தது, மிச்சத்தை வடித்தது, மீனையும் மிளகாயையும் போட்டுப் பிரட்டியது, தேசிக்காய் பிழிந்தது. மனம் மட்டும் அந்த வீட்டின் ஒவ்வோர் இரவாகத் திறந்து, அவர் என்னத்தை ஆசையாகக் கேட்டார் என்று தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. கேட்டால்தானே சொல்லுவார். அவள் கேட்டதில்லை. ஊர்ப்பெண்கள் சொன்னது பொய்யென்று காட்டப் போனவளுக்கு, அது உண்மையென்று பெற்ற பிள்ளை வாயாலேயே தெரியவந்தது.

முன்னறையில் மச்சாள் தலைவாழையிலை போட்டு, நவரட்ணராஜாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றியிருந்தாள். உறவுக்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். கதிரையில் கதைத்த இரண்டு பெண்களும் நின்றார்கள். இலையில் கணவாய்க் கறி, இறால், முருங்கைக்காய், பக்கத்தில் கோப்பையில் கூழ். எல்லாவற்றிலிருந்தும் ஆவி பறந்தது.

"எங்க உன்ர சாமான்? கொண்டுவா, பிள்ளை."

றஞ்சனா கோப்பையோடு வாசற்படியில் நின்றாள். வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"மச்சாள், இது அவருக்கு விருப்பமில்லையாம். இப்பதான் எனக்குத் தெரியும். எனக்காக விழுங்கினவராம்." கோப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு என்ன விருப்பம் எண்டு எனக்குத் தெரியாது, மச்சாள். ஒருநாளும் கேக்கேல்லை."

சுவரோரத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எதற்குப் பயந்தாளோ அது அவள் வாயாலேயே நடந்துவிட்டது.

மச்சாள் எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தாள். இலையைப் பார்த்தாள். காலையிலிருந்து நின்று ஆக்கிய கணவாயை வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா ஒருநாள் உப்பில்லாமல் சொதி வைச்சவ" என்றாள். "நாங்கள் எல்லாரும் கத்தினனாங்கள். அவன் ரெண்டாந்தரமும் வாங்கிக் குடிச்சவன். கணவாயெண்டால் என்ர தம்பிக்கு உயிர், உயிர் எண்டு நான்தான் சொல்லிக்கொண்டு திரியிறன். ஒவ்வொருமுறை ஊருக்கு வரேக்கையும் ஆக்கிக் குடுத்தனான். அவன் ஒருநாளும் தன்ர வாயால சொன்னதில்லை, றஞ்சனா. எனக்கும் தெரியாது."

அதுவரை பெரிய மனுசியாக நிமிர்ந்து நின்றவள் விளக்கடியில் தொப்பென்று இருந்துவிட்டாள். பிறகு கையை நீட்டி, கணவாயை ஓரமாக ஒதுக்கி, இலையின் நடுவில் இடம் செய்தாள்.

"வை பிள்ளை. நீ வைச்சால் மிச்சம் விடமாட்டான்."

றஞ்சனா குனிந்து பாஸ்தாவை இலையில் வைத்தாள். பக்கத்தில் தண்ணீர் இல்லையென்று கண்டு, எழும்பிப்போய் அந்தப் பெரிய கிளாஸை நிரப்பிக்கொண்டு வந்தாள். அதை வைத்த பிறகுதான், செத்தவீட்டன்று வராத அழுகை அவளுக்கு வந்தது.