கட்டில் பூட்டும் தாள்

'யார் வேண்டுமானாலும் எளிதாகச் செய்துகொள்ளலாம்' என்று எந்தப் பெட்டியின் மேல் எழுதியிருந்தாலும் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். அந்த 'யார் வேண்டுமானாலும்' என்ற பட்டத்தை ஒரு சனிக்கிழமை மதியம் என் அம்மாவுக்குச் சூட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு மரப்பட்டறை இருந்தது. கட்டில்தான் அங்கே பெயர் பெற்ற சரக்கு. முழுக் கட்டிலாக மலைப்பாதையில் இறக்கினால் இடமும் அடைக்கும், அடியும் படும் என்று தலைமாடு, கால்மாடு, பக்கச் சட்டம், பலகை எனத் தனித்தனியாகக் கழற்றிச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றுவார்கள். கூடவே அப்பா ஸ்பேனர் பையோடு கீழே போவார். மதுரை, திண்டுக்கல், பழனி என்று வாங்கியவர் வீட்டிலேயே பூட்டிக் கொடுத்துவிட்டு வருவார். பெரும்பாலும் கல்யாணச் சீர்க் கட்டில்கள். நல்ல நேரம் பார்த்துத்தான் பூட்டச் சொல்வார்கள். முடித்ததும் வெற்றிலை பாக்கோடு தேங்காயும் துண்டும் வைத்துக் கொடுப்பார்கள். எங்கள் மாதா கோயில் தெருவில் ராகு காலம், எமகண்டம் எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே கிறிஸ்தவர் என் அப்பாதான்.

பட்டறைச் சம்பளம் அரிசிக்குச் சரியாகப் போய்விடும். அப்பா கீழே போய்வரும் காசில்தான் நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய முதலாளி படுக்கையில் விழுந்ததும், வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த அவருடைய தம்பி வந்து பொறுப்பேற்றார். எல்லாருக்கும் அவர் சின்ன முதலாளி ஆனார். அவர் பார்த்த ஊர்களில் கட்டிலோடு ஆள் வருவதில்லையாம், ஒரு தாள்தான் வருமாம். அதைப் பார்த்து வீட்டுக்காரர்களே பூட்டிக்கொள்வார்களாம். படம் போட்டு, படத்துக்குக் கீழே இரண்டிரண்டு வரி எழுதி, அவரே ஒரு தாள் தயார் செய்தார். அது சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஒன்றும் தெரியாத ஆள் ஒருவர் வேண்டும் என்றார். பட்டறையில் மரத்தூள் கூட்டிக்கொண்டிருந்த அம்மாதான் அவர் கண்ணில் பட்டாள். வந்து ஒரு மாதம்கூட ஆகாத மனிதருக்கு ஆளை எடைபோட அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் அப்பா அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சொன்னார். "இங்கேரு, அந்தத் தாளு செயிச்சிருச்சுன்னா இனி நம்மளக் கீழ அனுப்ப மாட்டாங்க. சோலி போச்சு."

அம்மா அடுப்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வெரசாக் கெளம்புங்க" என்றாள்.

எனக்கு வேறு கவலை. பெரிய முதலாளியின் மகள் என் வகுப்பு. அவளும் வேடிக்கை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் முன்னால் அம்மா அசடு வழியாமல் இருக்க வேண்டுமே என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். மாதா அன்றைக்கு வேறு வேலையாக இருந்திருக்க வேண்டும்.

சின்ன முதலாளி ஆசாரிகள் எல்லாரையும் சுவரோரம் நிறுத்தினார். "யாரும் பேசக் கூடாது. கை காட்டக் கூடாது. பேப்பர் மட்டும்தான் சொல்லிக் கொடுக்கணும்" என்றார். பிறகு அம்மாவிடம், "பயப்படாதீங்கம்மா. உங்களுக்கே புரிஞ்சிட்டா வேற யாருக்கு வேணும்னாலும் புரிஞ்சிடும். அதான் டெஸ்ட்டு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அது எனக்குச் செரிக்கவில்லை.

தினமும் வெள்ளனே எழுந்து சத்தமாக பைபிள் வாசிக்கிற என் அம்மா, அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்தாள். பயத்தில்தான் என்று நினைத்தேன். ஸ்பேனரை அகப்பையைப் போலப் பிடித்தாள். தலைமாடு நிற்க வேண்டிய இடத்தில் கால்மாட்டை நிறுத்தினாள். சட்டத்தை உள்வெளி மாற்றிச் சொருகினாள். நட்டைத் திருகுவதற்குப் பதிலாகச் சுத்தியலால் தட்டினாள். முதலாளி மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆசாரிகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று அவமானத்துக்கு நடுவிலும் எனக்குத் தோன்றியது.

"ஏம்மா, படத்தப் பாரும்மா" என்று நான் முனகினேன். சின்ன முதலாளி என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அம்மா திரும்பவே இல்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் சட்டம் நழுவி விழுந்ததில் தலைமாட்டின் ஓரம் சிதைந்துபோனது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்கய்யா. இதெல்லாம் ஆளு வந்து பூட்டுனாத்தான் நிக்கும்" என்றாள்.

சின்ன முதலாளி தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அப்பா முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

"பேப்பர்ல தப்பு இல்ல" என்றார் சின்ன முதலாளி. "இவங்களா நம்ம கட்டில வாங்கப் போறாங்க? படிச்ச வீட்டுல குழந்தைகூடச் செஞ்சிடும்."

அண்ணன் மகளைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தார். அவள் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். அதைத் தூக்கு, இங்கே பிடி, இதை முடுக்கு என்று அவள் சொல்லச் சொல்லத் தூக்கியவளும் பிடித்தவளும் முடுக்கியவளும் அம்மாதான். கட்டில் ஆடாமல் அசையாமல் நின்றது. சின்ன முதலாளி அண்ணன் மகளுக்குக் கைதட்டினார். நானும் தட்டினேன். என்னைக் கூப்பிட்டிருந்தால் அவளைவிட வேகமாகச் செய்திருப்பேனே என்ற பொறாமை வேறு எனக்கு.

அதற்குப் பிறகு அப்பா கீழே போகவில்லை. சாக்குக் கட்டும் வேலையில் போட்டார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, ஒவ்வொரு மூட்டையைத் தைப்பதற்கு முன்னும் அந்தத் தாளை மறக்காமல் உள்ளே வைக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. மறு வருஷம் அவர் தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்துக்குக் கூலியாகப் போனார். நான் பள்ளிக்கூடம் மாறினேன். இதையெல்லாம் சின்ன முதலாளி கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்ல மாட்டேன். எங்களைப் பற்றி அவருக்கு எந்த எண்ணமும் இருக்கவில்லை.

ஓரம் சிதைந்த கட்டிலை அவர் எங்களுக்கே கொடுத்துவிட்டார், தாளோடு சேர்த்து. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்றார்கள் அக்கம்பக்கத்தில். அப்பா அதைத் தொடவில்லை. எங்கள் ஒற்றை அறையின் சுவரோரம் அது துண்டு துண்டாகக் கிடந்தது.

நான் பழைய பள்ளிக்கூடத்தில் இருந்த கடைசி மழைக்காலம் அது. ஒருநாள் மதியம் விறகு ஈரமாகி அடுப்பு பற்றவில்லை. அம்மா கட்டிலோடு வந்த தாளை எடுத்துச் சுருட்டிப் பற்ற வைத்தாள். உலை வைத்து அரிசியைப் போட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, சுவரோரம் கிடந்ததையெல்லாம் நடுவில் இழுத்துப் போட்டாள். எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. சட்டத்தை இடுப்பால் முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் நட்டை முடுக்கினாள். சோறு வேகுமுன் கட்டில் நின்றது.

"எப்பம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு அந்தப் பிள்ள செஞ்சதப் பாத்தேன்ல" என்று சொல்லிவிட்டுக் கஞ்சி வடிக்கப் போனாள்.

ஒவ்வொரு கட்டிலையும் லாரி ஏற்றுவதற்கு முன் பட்டறையில் ஒருமுறை பூட்டிப் பார்ப்பது வழக்கம். தலைமாட்டை அப்பா பூட்டினால், அத்தனை வருஷமும் கால்மாட்டைப் பூட்டியவள் அம்மா. சுவரோரம் நின்ற ஆசாரிகள் எல்லாருக்கும் இது தெரியும். அப்பா இதை என்னிடம் சொன்னது நான் வேலைக்குப் போன பிறகுதான். அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. அம்மா சொன்னதை அப்படியே நம்பினேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் முதலாளி மகளைத் தேடிப் போய், என் அம்மாவுக்குக் கட்டில் பூட்டச் சொல்லிக் கொடுத்ததற்காக நன்றி சொன்னேன்.