‘சரிபார்க்கப்பட்டது’ என்று நான் அனுப்பிய விளம்பரம்

1. பத்து இருபதுக்கு வந்த அழைப்பு

அன்று செவ்வாய்க்கிழமை. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிஸாம் நானாவின் கம்யூனிகேஷன் கடை. முன்பக்கம் போட்டோகொப்பி எடுப்பார்கள், விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள். பின்பக்க அறையில் இரண்டு கம்ப்யூட்டர்களோடு நான் இருப்பேன். ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களில் உள்ளவர்களுக்கு வேலை வெற்றிடங்களைத் தமிழில் தெரிவிக்கும் இணையத்தளத்தை அங்கிருந்துதான் நடத்தினோம்.

காலை பத்து இருபதுக்குத் தொலைபேசி அடித்தது.

"மிஸ், பூனாகலைல இருந்து அன்னலட்சுமி பேசுறேன். நீங்க அனுப்புன தாய்லாந்து வேலைக்குத்தான் எம்மக சுகந்தி போயிருக்கா. நேத்து காலைல கொழும்புக்குப் போனா. இப்ப போன் அடிச்சா ஆஃப்னு வருது."

"தாய்லாந்து வேலையா? அப்படி ஒண்ணும் நாங்க போடலையேம்மா."

"உங்க மெசேஜுதான் மிஸ். கீழ உங்க பேரு இருக்கு. இன்னைக்குப் பின்னேரம் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு ராவு சொன்னா. பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கிட்டாங்களாம். போனையும் கேக்குறாங்கம்மான்னு சொன்னா. அதுக்கப்புறம் பேச்சே இல்ல."

பேசிக்கொண்டே எங்கள் தளத்தில் தேடினேன். இருந்தது. ஐந்து நாட்களுக்கு முன் ஏறியிருந்தது. ‘வேலை: டேட்டா என்ட்ரி. இடம்: தாய்லாந்து. அனுபவம் தேவையில்லை. விமானப் பயணம் இலவசம். பாஸ்போர்ட்டுடன் நேரில் வரவும்.’ முகவரி இல்லை. ஒரு கைபேசி எண் மட்டும். கடைசி வரியில் எங்கள் தளத்தின் பெயரும், அதன் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற சொல்லும்.

அந்த விளம்பரத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

2. பார்க்காமலே போனது எப்படி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எங்கள் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஃபீட் என்பது ஓர் இணையத்தளம் தன்னிடம் புதிதாக ஏறுகிறவற்றை வரிசையாக எழுதி வைக்கும் கோப்பு. மற்றக் கம்ப்யூட்டர்கள் அதைத் தாமாகவே வந்து வாசித்துக்கொள்ளும். நாங்கள் பதினான்கு இடங்களின் ஃபீட்களை அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை வாசித்தோம். மாகாண அலுவலகங்கள் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்த தரவாக வெளியிடும் வெற்றிடப் பட்டியல்களையும் எடுத்தோம். நான் எழுதிய ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் அவற்றைப் பிரித்து, தமிழாக்கி ஒரே வடிவத்தில் அமைத்து, தோட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பும். எங்களுக்கும் ஒரு ஃபீட் இருந்தது. அதை வேறு தளங்கள் எடுத்துப் போட்டன.

நான் ஹாலிஎலக்காரி. தோட்டத் தொழிலாளர்களின் லய வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும் விளம்பரம் எங்கள் ஆட்களின் காதுக்கு எட்டும்போது கடைசித் திகதி போய்விட்டிருக்கும். அதனால்தான் இந்த வேலையில் எனக்கு அவ்வளவு அவசரம் இருந்தது.

முதல் மூன்று வருடம் ஒவ்வொரு விளம்பரத்தையும் வாசித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். பிறகு ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது என்று வர ஆரம்பித்தன. வெகுநாள் பழகிய ஐந்து தளங்களுக்கு ‘நம்பகமானது’ என்று ஓர் அடையாளம் போட்டேன். அவற்றிலிருந்து வருவது என் கண்ணில் படாமலே போகும். போகும்போது ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற சொல்லையும் ஸ்கிரிப்டே சேர்த்துக்கொள்ளும். அப்படி எழுதியவள் நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

இந்த விளம்பரம் அந்த ஐந்தில் ஒன்றிலிருந்து வந்திருந்தது. கொழும்பில் ஒருவர் நடத்திய சின்ன வேலைவாய்ப்பு இணையத்தளம் அது. அவருடைய பழைய எண்ணுக்கு எடுத்தேன்.

"அந்த சைட்டா? அத நாங்க விட்டு ஒரு வருஷமாச்சே மிஸ். டொமைன் பேரக்கூட ரினியூ பண்ணல" என்றார்.

கைவிட்ட பெயரை வேறு யாரோ வாங்கியிருந்தார்கள். அதே முகவரி, அதே நிறம், அதே ஃபீட். உள்ளே இருந்த ஆட்கள் மட்டும் மாறியிருந்தார்கள். என் ஸ்கிரிப்டுக்கு அது தெரிய வழியில்லை.

3. அழித்தும் அழியாதது

நிஸாம் நானாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே கேட்டார்.

"எத்தன பேருக்குப் போயிருக்கும்?"

"தெரியல நானா. குழுக்கள்ல மட்டும் மூவாயிரத்துக்கு மேல. மத்த சைட்டுங்க கணக்கு நமக்குத் தெரியாது."

"மொத அத அழிங்க."

எங்கள் தளத்திலிருந்து அழித்தேன். உடனே போய்விட்டது. ஆனால் எங்கள் ஃபீட்டை எடுத்துப் போட்ட தளங்களைத் திறந்தால் அங்கே அப்படியே இருந்தது. ஃபீட்டில் ஏறியதை எடுத்துப் போனவர்களிடம் அது தங்கிவிடும். நாம் அழித்தோம் என்பது அவர்களுக்குத் தெரியவராது. வாட்ஸ்அப் குழுக்களிலும் ஐந்து நாள் பழைய செய்தியைத் திரும்ப எடுக்க முடியவில்லை. நான் அழித்த பிறகும் ஒரு குழுவில் ஒருவர் அதே விளம்பரத்தை ஃபோர்வேர்ட் செய்து, ‘இன்னும் ஆள் எடுக்கிறார்களா?’ என்று கேட்டிருந்தார். திரையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. ஃபீட்டில் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஓர் அடையாள எண் இருக்கும். அதே எண்ணில் வேறு வாசகத்தை ஏற்றினால், சில தளங்களாவது பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளும். எழுதினேன்.

‘தாய்லாந்து டேட்டா என்ட்ரி வேலை மோசடி. போகாதீர்கள். தவறு எங்களுடையது. ஏற்கெனவே போனவர்கள் விமானம் ஏறாதீர்கள். இருக்கும் இடத்தை எங்களுக்கு அனுப்புங்கள். பொலிசுக்கு நாங்கள் சொல்கிறோம்.’

‘தவறு எங்களுடையது’ என்ற வரியில் நிஸாம் நானா கொஞ்சம் தயங்கினார். கடையின் பெயர் அவருடையது. பிறகு, "போடுங்க மாலா. அந்த வரிய எடுத்தா வேற யாரோ சொல்ற மாதிரி ஈக்கும்" என்றார்.

பதினொன்று ஐந்துக்கு அது ஃபீட்டிலும் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போனது.

4. படங்கு கட்டிய அம்மா

உடனே நானும் நிஸாம் நானாவும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். அங்கே சார்ஜண்ட் ஒருவர் பொறுமையாகத்தான் கேட்டார். எந்த வீடு, எந்தத் தெரு, யார் பெயரில் என்றார். எங்களிடம் எதுவும் இல்லை. கைபேசி எண்ணைக் கொடுத்தோம். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "முகவரி கிடைத்த உடனே எனக்கு நேரே எடுங்கள்" என்று தன் எண்ணை எழுதித் தந்தார்.

கடைக்குத் திரும்பியபோது அன்னலட்சுமி அக்கா வந்து உட்கார்ந்திருந்தார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர் அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. ஈரமான அந்தச் சாக்கிலிருந்து கதிரையில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"வேண்டாம்னுதான் சொன்னேன் மிஸ். தெரியாத ஊரு, பொம்பளப் புள்ளன்னு. அவதான் போன காட்டுனா. ‘பாரும்மா, பதுளை மிஸ் செக் பண்ணிட்டுத்தான் போட்டிருக்காங்க’ன்னா. அதனாலதான் விட்டேன்."

நான் அதைப் பார்க்கவே இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் அப்போது இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பல மாதம் அவரிடம் அதைச் சொல்லாமலே இருந்தேன்.

பன்னிரண்டு மணியானது. கடையில் வழக்கம்போல ஆட்கள் வந்தார்கள். போட்டோகொப்பி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை என் கைபேசி அதிரும்போதும் அக்கா எழுந்து நிற்பார். யாரோ வேறு வேலைக்குக் கடைசித் திகதி கேட்டிருப்பார்கள். அவர் மறுபடி உட்காருவார்.

பன்னிரண்டு நாற்பதுக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒன்று வந்தது. எழுத்து எதுவும் இல்லை. ஒரு லொகேஷன் மட்டும். நீர்கொழும்புப் பக்கம் ஓர் உள்தெரு. அடுத்த நிமிடத்தில் இரண்டு சொற்கள்: ‘எடுக்காதீங்க. எட்டுப்பேர்.’

நான் அழைத்துவிடக்கூடாது என்று எழுதியிருக்கிறார். சத்தம் கேட்டால் அவர் மாட்டிக்கொள்வார். கைபேசியை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டேன். நிஸாம் நானா சார்ஜண்டுக்கு எடுத்தார்.

அதற்குப் பிறகு மூன்று மணித்தியாலம் ஒரு தகவலும் இல்லை. லொகேஷன் அனுப்பியவரின் போனும் அணைந்துவிட்டது. நான்தான் அந்தச் செய்தியால் அவர்களை ஆபத்தில் மாட்டிவிட்டேனோ என்று நினைத்தேன். அதை அடைத்து வைத்தவர்கள் முன்னால் வாசித்திருந்தால்? இருட்டறையில் அடைத்திருந்தால்? வேறு இடத்துக்குக் கொண்டு போயிருந்தால்? அக்காவிடம் தேநீர் கொடுத்தோம். ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

மூன்று ஐம்பதுக்கு அக்காவின் போன் அடித்தது. புதிய எண்.

"அம்மா, நான்தான். பொலிஸ்ல இருக்கேன். ஒண்ணுமில்லம்மா. அழாத."

அக்கா அழவில்லை. "சாப்டியா?" என்று கேட்டார். பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டு, தரையில் அப்படியே குந்திவிட்டார்.

லொகேஷன் அனுப்பியவர் லுணுகலைக்காரர். முப்பது வயதுக்காரர், கைக்குழந்தை உள்ளவர். போன்களைப் பறித்தபோது பழைய போனைக் கொடுத்துவிட்டு மற்றதைச் சப்பாத்துக்குள் வைத்திருந்திருக்கிறார். கழிவறைக்குள் போய் எங்கள் செய்தியை வாசித்ததாகச் சுகந்தி சொன்னாள். அதன் பிறகு அவள் சொன்ன ஒரு வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது.

"மிஸ், காலைல மூணு பேர் போயிட்டாங்க. முன்னாடியே பிளேன் ஏறிட்டாங்க."

5. ஹாலிஎல பஸ்

அந்த மூவரில் ஒருவர் ரவிச்சந்திரன். என் ஊர், ஹாலிஎல. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவருடைய மனைவி ஜெயாவை எனக்கு முகம் தெரியும். பின்னேரம் ஒரே பஸ்ஸில்தான் வீடு திரும்புவோம்.

இரண்டு வாரம் நான் அந்த பஸ்ஸைத் தவிர்த்தேன். பிறகு ஒரு நாள் நானே ஜெயாவின் வீட்டுக்குப் போனேன். விளம்பரம் என்னிடமிருந்து வந்தது, நான் அதை வாசிக்காமல் அனுப்பினேன் என்று பாதிக்கப்பட்டவர்களிடம் முதன்முதலாக அங்கேதான் சொன்னேன்.

ஜெயா, "அவரு திரும்பி வர்ற வரைக்கும் நீங்க போன எடுக்காம மட்டும் இருக்காதீங்க" என்றாள்.

ஏழு மாதம். வாரத்துக்கு இரண்டு முறை ஜெயா என்னை அழைப்பாள். கடிதங்கள் எழுதினோம், அலுவலகங்களுக்கு ஏறி இறங்கினோம். இடையில் ஒரு முறை ரவி அவளோடு பேசினார். அரை நிமிடம்தான். பின்னால் யாரோ கத்துவது கேட்டதாம். அதற்குப் பிறகு ஜெயாவின் பெயர் திரையில் வரும்போதெல்லாம் இரண்டு முறை அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். அவ்வளவு பயம்.

அந்த நாட்களில்தான் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப உரிமம் பெற்ற ஏஜென்சிகளின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. யாரும் எடுத்துக்கொள்ளலாம். ‘பயனுள்ள இணைப்புகள்’ பக்கத்துக்காக நானே அதை இறக்கி வைத்திருந்தேன். என் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. வருகிற விளம்பரத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க இருபது வரி எழுதியிருந்தால் போதும். அந்த இருபது வரியை நான் எழுதவில்லை.

6. ரவி கடைக்கு வந்தது

எல்லைக்கு அப்பால் ஆட்களை அடைத்து வைத்து இணைய மோசடி செய்யவைத்த முகாமிலிருந்து, மற்றச் சிலரோடு ரவி தப்பி வந்தார். வந்து ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

"அக்கா, நீங்க போட்ட ரெண்டாவது மெசேஜ் எனக்கும் வந்துச்சி" என்றார்.

"எப்ப?"

"அங்க இறங்குன ஒடனே. ஏர்போர்ட் வைஃபைல. பிளேன் ஏறுறப்ப போனத் திருப்பிக் குடுத்திருந்தாங்க. பாஸ்போர்ட்ட அந்த ஆளு வாங்கிட்டான். வேன்ல ஏத்திட்டாங்க. அப்பதான் தொறந்து பாத்தேன். வாசிச்சிட்டு அழிச்சிட்டேன். அவங்க பாத்தா அடிப்பாங்கன்னு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த வெற்றிடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிட்டத்துல ஏதாச்சும் வேல இருக்கா அக்கா? பின்னேரம் வீட்டுக்குத் திரும்பி வர்ற மாதிரி."

பண்டாரவளையில் ஒரு களஞ்சியக் காப்பாளர் வெற்றிடம் அன்று காலையில்தான் வந்திருந்தது. அதை அவருக்குக் காட்டவில்லை. முதலில் அந்த எண்ணுக்கு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டேன். யார் பேசுவது, கடை எங்கே இருக்கிறது, முன்பு அந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ரவி உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் எண்ணை எழுதிக்கொள்ளப் பேனா கேட்டார்.

இன்று எங்களிடம் ‘நம்பகமானது’ என்று ஒரு தளமும் இல்லை. உரிமப் பட்டியலோடு ஸ்கிரிப்ட் ஒப்பிடும். அதற்குப் பிறகும் மறுமுனையில் ஒரு மனிதக் குரல் பதில் சொல்லும்வரை எதுவும் வெளியே போகாது. இதனால் சில விளம்பரங்கள் ஒரு நாள், இரண்டு நாள் பிந்துகின்றன. என்னோடு இப்போது வேலை செய்யும் இளையவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிந்திப்போன விளம்பரத்தால் ஒருவருக்கு ஒரு வேலை தவறலாம். ஆனால் அன்று பின்னேரம் அவர் தன் வீட்டில் இருப்பார்.