கொடிமலையில் கேக் வெட்டிய நாள்

கெலுகோரில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் நத்தைகளை ஆராய்வது என் வேலை. கொடிமலைக் காட்டில், உதிர்ந்த இலைகளுக்கு அடியில் நான் கண்டெடுத்த ஒரு நத்தை அறிவியலுக்குப் புதிய இனம் என்று உறுதியான செய்தி வந்தபோது, அப்பாவின் கருமாதி முடிந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். மின்னஞ்சலைப் படித்துவிட்டு, கைப்பேசியை அலமாரி மேல் வைத்து மறுபடியும் தரையைத் தேய்த்தேன். பல வருடங்களாகக் காத்திருந்த செய்தி. சந்தோஷம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. அப்பா போனபோது அழுகையும் இப்படித்தான் வராமல் இருந்துவிட்டது.

எங்கள் பேராசிரியை விடவில்லை. நத்தை கிடைத்த இடம் வழியாக எல்லாரும் மலையேறி, உச்சியில் கேக் வெட்டிக் கொண்டாட வேண்டும் என்றார். அவருக்கு முட்டி வலி. அதனால் கேக்கோடு மலை ரயிலில் வந்துவிடுவதாக ஏற்பாடு.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் என் அண்ணனும் கிளம்பினார். அப்பா இறந்ததிலிருந்து லீவு நாள் வந்தால் ஃபெரி ஏறி டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

“நானும் வர்றேன்லா. வீட்டுல ஒக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா?”

அடிவாரத்துப் பூங்காவான பூமலையிலிருந்து மேலே போகும் தார் ரோட்டில் ஏறினோம். செங்குத்தான ரோடு. ஆய்வுக்கூட மாணவர்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் போனார்கள். அண்ணன் மூச்சு வாங்க என் பக்கத்தில் நடந்தார்.

“அந்த நத்தையக் காட்டும்மா.”

கைப்பேசியில் படத்தைக் காட்டினேன்.

“இதுவா? சோத்துப் பருக்க மாதிரி இருக்கு. கடிக்குமா?”

“கடிக்காதுண்ணே.”

“மருந்துக்கு ஆகுமா?”

“ஆகாது.”

“அப்ப எதுக்குத்தான் இருக்கு?”

“சும்மா இருக்கு.”

அவர் சத்தமாகச் சிரித்தார். “அப்பாவுக்குக் காட்டுனியா?”

“காட்டுனேன். கண்ணாடி போட்டுப் பாத்துட்டு, இதுக்கு வாய் எங்கன்னு கேட்டாரு.”

அண்ணன் படத்தை விரலால் பெரிதாக்கி வாயைத் தேடினார்.

பாதி வழியில் ரோட்டை விட்டு இறங்கி, ஓடை ஓரமாக உள்ளே போனோம். முன்னால் போன மாணவர்களின் பாட்டு நின்றது. அந்த வாரம் பெய்த மழையில் மேட்டுச் சரிவு அப்படியே இறங்கியிருந்தது. நத்தை தேடி நான் வருடக்கணக்காக மண்டியிட்ட பெரிய பாறை, அதன் காலடியில் இருந்த இலைக் குப்பை, எல்லாவற்றின் மேலும் சிவப்பு மண். வேரோடு சாய்ந்த மரம் ஒன்று ஓடையில் கிடந்தது.

ஒரு மலாய் மாணவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “பரவாயில்லை, பரவாயில்லை” என்று அவள் முதுகைத் தட்டினேன். பிறகு சரிவை நான்கு பக்கமும் நின்று படம் எடுத்தேன். படங்கள் தெளிவாக இருந்தன. அதே நத்தை ஓடைக்கு அந்தப் பக்கமும் இருப்பது சில மாதங்கள் கழித்துத் தெரியவந்தது. அன்று யாருக்கும் அது தெரியாது.

அண்ணன் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மண்ணின் ஓரத்தைக் கிளற ஆரம்பித்தார்.

“விடுங்கண்ணே. மறுபடியும் சரிஞ்சா ஆபத்து.”

“ஒண்ணாவது இருக்கும்மா. நீ பேசாம இரு.”

சட்டையெல்லாம் சேறாகும் வரை தேடினார். எதை எடுத்தாலும் என்னிடம் நீட்டி, “இதுவா?” என்றார். எல்லாம் கல். கடைசியில் நான் குச்சியை வாங்கிப் போட்டேன்.

உச்சியில் பேராசிரியை கேக்கைத் திறந்து வைத்திருந்தார். பச்சைக் கிரீமில் தட்டு அளவுக்கு ஒரு நத்தை. சரிவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர் முகம் மாறியது. “வேண்டாமென்றால் மூடிவிடலாம்” என்றார்.

“வெட்டிடலாம்” என்றேன்.

வெட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கேக் பண்டான் இலை வாசனையாக இருந்தது. இனிப்பு என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

இறங்கும்போது ரயிலில் நெரிசல். கண்ணாடி ஓரம் நின்றிருந்த அண்ணனின் தோள்கள் திடீரென்று குலுங்கின. எதிரில் இருந்த சீனப் பெண்மணி எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். அண்ணன் உட்காரவில்லை.

“என்னண்ணே?”

“தெரியலம்மா. சும்மா வருது.”

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் வரும் என்று கீழே போய்ச் சேரும் வரை காத்திருந்தேன். ஆயர் ஈத்தாம் நிலையத்தில் கதவு திறந்தது. அவர் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வாடகைக் கார் பிடித்து, பூமலையில் விட்டிருந்த என் காடியை எடுத்தோம். நான் ஓட்டினேன். வெகு நேரம் கழித்துத்தான் வீட்டுக்குத் திரும்பும் சந்திப்பைத் தாண்டி, கடல் தெரியும் தூரம் வந்துவிட்டதைக் கவனித்தேன். அண்ணனும் பார்த்திருந்தார். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இன்ஜினை அணைத்துவிட்டு, இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.