பத்து நிமிடம் மட்டும் ஓடிய லாரி

லேப்டாப்பில் லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. சுட வேண்டியதில்லை, யாரையும் துரத்த வேண்டியதில்லை. சரக்கை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் மணிக்கணக்காகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். முப்பத்தாறு வயதில், மம்பாவ் பக்கம் ஒரு கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிற பெண் சனிக்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு இதை விளையாடுகிறாள் என்று தெரிந்தால் வேலையிடத்தில் சிரிப்பார்கள். தெரிந்தது, சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

விளையாட்டில் எனக்கு முன்னால் போகிற லாரி என் அண்ணனுடையது. அவர் ஜொகூரிலிருந்து ஓட்டுவார். நான் லிங்கி போகிற வழியில் இருக்கும் எஸ்டேட் வீட்டிலிருந்து ஓட்டுவேன். இரண்டு பேர் காதிலும் ஹெட்செட். "லெஃப்ட்ல பள்ளம்லா, பாத்து வா" என்பார். முதல் ஒரு மணி நேரம் பேச்சு இவ்வளவுதான். பிறகு, ஏதாவது நீண்ட நேர்ச்சாலையில், சும்மா கேட்பதுபோலக் கேட்பார்: "வீட்டுல எல்லாம் எப்படி?"

வீட்டில் இருப்பது நானும் அம்மாவும்தான். என்னோடு அவர் பேசிக்கொண்டிருக்கிறார். ஆக, "எல்லாம்" என்பது அம்மா. முட்டிவலி, இரத்த அழுத்த மாத்திரை, வாசலில் வந்து தங்கிவிட்ட பூனை என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவர் "ம்" என்று கேட்டுக்கொண்டு ஓட்டுவார்.

அப்பா இறந்த மறு வருடம் அண்ணன் தன் வீட்டில் அம்மாவுக்கென்று ஓர் அறையை ஒழித்து, சாயம் அடித்து, காரோடு வந்தார். அம்மாவும் பெட்டியுடன் ஏறினாள். எஸ்டேட் கேட் வரைக்கும் கார் போனது. அங்கே நிறுத்தச் சொல்லி இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவே நடந்து திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. அண்ணன் காரைத் திருப்பவில்லை. இனி அம்மாவிடம் நானாகப் பேச மாட்டேன் என்று எனக்குச் செய்தி அனுப்பினார். "கோவிச்சுக்கிட்டுப் போனவன் அவந்தானே? அவனே பேசட்டும்" என்றாள் அம்மா. வீம்பில் தாயும் பிள்ளையும் ஒரே அச்சு. மூன்று வருடம் ஓடிவிட்டது. அன்று அம்மா திரும்பி நடந்து வந்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தனியாக இருக்க வேண்டியதில்லையே என்ற சந்தோஷம். அதனால்தான் இருவரையும் சேர்த்துவைக்க ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு உண்டு.

விளையாட்டு திணற ஆரம்பித்தது இந்த நிலைமையில்தான். லாரி பத்து நிமிடம் அழகாக ஓடும். பிறகு படம் நிற்கும், நகரும், நிற்கும். வளைவு வருவதற்குள் நான் பள்ளத்தில் கிடப்பேன். அண்ணன் சாலையோரம் விளக்கை மினுக்கிக்கொண்டு காத்திருப்பார்.

முதலில் இணையத்தைத் திட்டினேன். எஸ்டேட்டில் எது கெட்டாலும் லைனைத் திட்டுவதுதான் வழக்கம். சோதித்துப் பார்த்தால் லைன் நன்றாக இருந்தது. விளையாட்டில் மரங்களைக் குறைத்தேன், நிழலை அணைத்தேன், மழையை நிறுத்தினேன். கடைசியில் அட்டைப்பெட்டிகள் நடுவே ஓட்டுவதுபோல் இருந்தது, திணறல் மட்டும் போகவில்லை. டிரைவரைப் புதுப்பித்தேன். சார்ஜரைச் செருகியே வைத்தேன். பின்னால் ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் மூடினேன். விளையாட்டையே அழித்து மறுபடி ஏற்றினேன். தெமியாங்கில் ஒரு கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், "பழசாயிடுச்சுக்கா, புதுசு வாங்கிடுங்க" என்றார். வந்த கோபத்தில் நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பினேன்.

நான்காவது சனிக்கிழமை நான் மறுபடியும் பள்ளத்தில் விழுந்ததும் அண்ணன் தன் லாரியை ஓரங்கட்டி நிறுத்தினார். பிறகு, "பாப்பா, உனக்குப் பிடிக்கலன்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார்.

அவர் போனில் கூப்பிடுகிற ஆள் இல்லை. இது நின்றால் "வீட்டுல எல்லாம் எப்படி" என்ற கேள்வியும் நின்றுவிடும். பிறகு அம்மாவைப் பற்றி அவருக்கு யார் சொல்வது?

"பிடிக்கலன்னு யாரு சொன்னா? லேப்டாப் சரியில்லண்ணே" என்று கத்தியே விட்டேன். "பத்து நிமிசம் நல்லா ஓடுது, அப்புறம் செத்துப் போவுது. நான் என்ன செய்ய?"

"பத்து நிமிசம் நல்லா ஓடுதா? இத ஏன் முன்னமே சொல்லல?" அவர் குரலே மாறிவிட்டது. சூட்டைக் காட்டுகிற ஒரு செயலியை ஏற்றச் சொன்னார். விளையாட்டை ஓடவிட்டு எண்ணைப் படிக்கச் சொன்னார். எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றாறு. "அதான். சூடு ஏறினதும் அது தானா வேகத்தக் கொறச்சுக்குது. ஆஃப் பண்ணிக் கவுத்துப் பாரு. காத்து போற ஓட்டை அடைச்சிருக்கும்."

ஹெட்செட்டைக் கைப்பேசியில் மாட்டி அவரை அழைத்துக்கொண்டு, லேப்டாப்பை அணைத்துக் கவிழ்த்தேன். காற்று போகிற சல்லடை முழுக்க விபூதி. மூன்று விரல் அகலத்துக்குக் குழைத்து இழுத்த பட்டை, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஒரு நாள் வேலை இல்லை. வாரா வாரம் பூசி, காய்ந்து, மேலே மறுபடி பூசியிருந்தது. உதிர்ந்த தூளை உள்ளே இருந்த விசிறி இழுத்துக்கொண்டிருந்தது.

அண்ணனிடம் சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். "அப்பா லாரிலயும் அம்மா இப்படித்தான் பூசுவாங்க. ரேடியேட்டர்ல பூசாத, காத்து போவணும்னு அப்பா கத்துவாரு" என்றார். அப்பா செம்பனைக் குலை ஏற்றுகிற எஸ்டேட் லாரி ஓட்டியவர். வெள்ளிக்கிழமை அந்த லாரி பொட்டு இல்லாமல் வீட்டை விட்டு நகராது.

கதவைத் திறந்து அம்மாவைக் கூப்பிட்டேன். பாத்திரம் கழுவிய கையோடு வந்தாள்.

"இதுக்கு ஏம்மா பூசின? அதுவும் அடியில?"

"மேல பூசினா நீதான் கத்தினியே, ஆபீசுக்குக் கொண்டுபோற சாமான்னு. தொடச்சுப் போட்டியே. அதான் கண்ணுக்குத் தெரியாத எடத்துல பூசினேன்."

உண்மைதான். ஆறேழு மாதத்துக்கு முன்னால் மூடிமேல் இருந்த பொட்டை முணுமுணுத்துக்கொண்டே துடைத்தவள் நான்தான். நான்கு வாரமாக உலகத்தில் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தவளும் நானேதான்.

"லாரிக்குப் பூசலாம். இதுக்கு எதுக்கும்மா?"

அம்மா கையை நைட்டியில் துடைத்தாள். "அவன் இதுலதானே வர்றான்" என்றாள்.

நான் கதவைச் சாத்தி, ஹெட்செட் மாட்டி, ஒரு நாளும் அவர் பெயரை எடுத்ததில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணே அண்ணேன்னு ஊர்ல எல்லாரையும்தான் கூப்பிடற. இப்படிச் சிரிச்சுக்கிட்டா கூப்பிடற? சனிக்கெழம ஆனா என் முட்டிவலிய யாருகிட்டயோ சொல்ற. எனக்குக் காது கேக்காதா?"

ஹெட்செட்டில் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா குனிந்து அந்தச் சல்லடையைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"கெட்டுப் போச்சா?"

"இல்லம்மா. காஞ்ச பிரஷ்ஷால தட்டிவிட்டாச் சரியாயிடும். இனிமே இங்க பூசாத."

"அப்ப எங்கதான் பூசறது? அவனையே கேட்டுச் சொல்லேன்."

"அண்ணே, அம்மா கேக்கறாங்க..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டுச்சு. நீ சொல்ல வேணாம்" என்றார். "அந்த ஒயரப் புடுங்கு."

ஹெட்செட் ஒயரைப் பிடுங்கி, ஸ்பீக்கரைப் போட்டுக் கைப்பேசியை மேசைமேல் வைத்தேன். அண்ணனின் குரல் அறைக்குள் வந்தது.

"மூடிமேலயே பூசும்மா. பாப்பா தொடைக்க மாட்டா."