நான் எழுதின மன்னிப்புக் கடிதங்கள்

எனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும். பள்ளிக்கூடத்துல அதுக்காகப் பரிசெல்லாம் வாங்கியிருக்கேன். அந்தக் கையெழுத்தால ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போனார். அதைச் சொல்றதுக்கே இப்ப அலுப்பா இருக்கு. இத்தனை வருஷமா எனக்குள்ளயே சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போச்சு. இருந்தாலும் சொல்லிடறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பார்ட்ஸ் செய்யுற ஒரு கம்பெனி. ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் அப்புறம், தெக்க சாத்தூர்ப் பக்கத்துல இருந்து ஐ.டி.ஐ. முடிச்சுட்டு வந்து சேர்ந்தேன். ஆறு பேருக்கு ஒரு ரூம். ஒருத்தன் எந்திரிச்ச பாயில இன்னொருத்தன் படுப்பான். எல்லாரும் கான்ட்ராக்ட் லேபர். பெர்மனென்ட் ஆகணும், அது ஒண்ணுதான் எல்லாருக்கும் வேண்டுதல்.

எங்க லைனைக் கூட்டித் துடைக்க ஒரு அண்ணன் இருந்தார். முப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், உள்ளூர்க்காரர். பொறந்ததுல இருந்தே புத்தி வளர்ச்சி கம்மி. ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன புரியுமோ அவ்வளவுதான் புரியும். மணி பார்க்கத் தெரியாது, எழுதத் தெரியாது. ஆனா தரையில ஒரு சொட்டு ஆயில் கிடந்தா அவர் கண்ணுக்குத் தப்பாது. யாராவது சத்தம் போட்டா மட்டும் ஆகாது. என்ன கேட்டாலும் "ஆமா சார்" அப்படிம்பார்.

எங்க லைன்ல ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது உடைஞ்சா, காணாமப் போனா, 'என் தவறுதான், இனி நடக்காது'ன்னு ஒருத்தன் மன்னிப்புக் கடிதம் குடுக்கணும். குடுத்தாத்தான் அன்னைக்குப் பிரச்சினை முடியும், லைன் ஓடும். மூணு கடிதம் ஃபைல்ல ஏறிட்டா பெர்மனென்டை மறந்துட வேண்டியதுதான். அப்ப யாரு குடுப்பா? ஒருநாள் எவனோ சொன்னான், "அந்த அண்ணன் பேர்ல குடுத்துருவோம்டா. அவரு என்ன பெர்மனென்டா ஆகப் போறாரு?" எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன்.

எழுதுறது நான், ரேகை வைக்கிறது அவர். வச்சதும் ஒரு டீயும் பன்னும் வாங்கிக் குடுப்போம். அதுல அவருக்கு அவ்வளவு சந்தோஷம். போகப் போக, ஏதாவது கீழ விழுந்து சத்தம் கேட்டாலே கட்டைவிரலை நீட்டிக்கிட்டு வந்து நிப்பார். சூப்பர்வைசருக்கும் விஷயம் தெரியும். அந்த ஆளுக்கு வேண்டியது ஒரு பேப்பர், அவ்வளவுதான். தப்புன்னு அப்ப எனக்குத் தெரியலைன்னு சொன்னா அது பொய். தெரிஞ்சுதான் எழுதினேன்.

அப்புறம் ஸ்டோர்ல இருந்து காப்பர் கம்பிச் சுருள் காணாமப் போச்சு. கொஞ்சநஞ்சம் இல்லை, வண்டி வச்சு ஏத்துற அளவு. ஸ்க்ராப் லாரியிலதான் போயிருக்கும்னு கேட்ல நிக்கிறவன் வரைக்கும் தெரியும். லாரி எந்தப் பெரிய ஆளோடதுன்னும் தெரியும், அதனால எவனும் வாயைத் திறக்கலை. போலீஸ் வந்துச்சு. ஆபீஸ்ல அண்ணனோட ஃபைலை எடுத்துக் குடுத்துட்டாங்க. பதினோரு கடிதம். எல்லாத்துலயும் 'என் தவறுதான்', கீழ ரேகை. ஸ்டேஷன்ல சத்தம் போட்டுத்தான் கேட்டிருப்பாங்க. "ஆமா சார்"னுட்டார். இந்த மனுஷன் தனியா ஒரு சுருளைத் தூக்க முடியுமான்னு யாரும் யோசிக்கலை.

அவருக்கு இலவச சட்ட உதவியில ஒரு வக்கீல் கிடைச்சார், சின்ன வயசு. கம்பெனி எதிர்ல இருந்த டீக்கடையில விசாரிச்சு என்னைக் கண்டுபிடிச்சுட்டார். "பதினொண்ணும் ஒரே கையெழுத்து. நீதானே?" தலையை ஆட்டினேன்.

"டாக்டர்கிட்ட அனுப்பச் சொல்லி மனு போட்டிருக்கேன். ஆளு பார்க்க நல்லாத்தானே இருக்கார்னு ஜட்ஜ் நினைக்கிறார். நீ வந்து, இதெல்லாம் நாங்க எழுதினது, அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டா கேஸ் நிக்காது. செவ்வாய்க்கிழமை வந்துரு."

"வர்றேன் சார்"னேன். போகணும்னுதான் இருந்தேன், சத்தியமா.

திங்கக்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டார். "நாளைக்கு லீவு கேட்டியாமே? நாளைக்குத்தான் உனக்கு பெர்மனென்ட் இன்டர்வியூ. யோசிச்சுக்கோ." மிரட்டக்கூட இல்லை, அதுதான் வயித்தெரிச்சல். அப்பாவுக்கு உடம்பு முடியலை, தங்கச்சிக்குக் கல்யாணம்னு எல்லாரும் சொல்ற காரணமெல்லாம் எனக்கும் இருந்துச்சு. விடுங்க.

செவ்வாய்க்கிழமை நான் இன்டர்வியூவுல உக்காந்திருந்தேன். அங்க கோர்ட்டுல, குத்தத்தை ஒத்துக்கிறியான்னு அண்ணனைக் கேட்டிருக்காங்க. வக்கீல் தடுக்கிறதுக்குள்ள "ஆமா சார்"னு சொல்லிட்டார். ஒரு வருஷம் போட்டாங்க. தானா ஒத்துக்கிட்டவர், இனிமே தண்டனையைக் குறைக்கச் சொல்லித்தான் அப்பீல் போக முடியும், குத்தமே பண்ணலைன்னு போக முடியாதுன்னு வக்கீல் போன்ல சொன்னார். அதுக்கப்புறம் அவர் என்கிட்ட பேசலை.

எனக்கு பெர்மனென்ட் ஆச்சு.

ஒரு மாசம் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை, அண்ணன் வீட்டைத் தேடிப் போனேன். அவங்க அம்மா மட்டும் இருந்தாங்க. கூட வேலை பார்த்தவன்னு சொன்னதும் உள்ள கூப்பிட்டு சேர் போட்டாங்க. தண்ணி குடுத்தாங்க. அப்புறம் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத மாதிரி குரலை இறக்கிக் கேட்டாங்க.

"தம்பி, நீ கூடவே இருந்தவன். ஒரு வார்த்த சொல்லு. அத்த, அந்தக் கம்பிய, எம்புள்ள எத்துக்கினு போயிருப்பானா? ஊரே சொல்லிக்கினு கீது. சமயத்துல எனக்கே, எடுத்திருப்பானோன்னு தோணுது."

பெத்தவளுக்கே சந்தேகம் வந்துருச்சு.

"இல்லம்மா. அவர் எடுக்கலை. எனக்கு நல்லாத் தெரியும்."

அவங்க முகம் கொஞ்சம் தெளிஞ்சுச்சு. வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாங்க.

"அத்த அன்னிக்கி கோர்ட்டாண்ட வந்து சொல்லியிருக்கலாமே, தம்பி?"

"லீவு கிடைக்கலம்மா"ன்னேன்.