நிரலின் இரண்டாவது வாய்

சுனில்தா அயாலா எங்கள் ஆற்றங்கரைக் கூட்டுறவில் கணினி பார்ப்பவள். மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண், உரத்த குரல். நான் அந்த அலுவலகத்துக்குச் சீபா ரொட்டி விற்கப் போவேன். அதிகம் பேசமாட்டேன். அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பராகுவாய் ஆறு ஏறினால் தாழ்ந்த கரையில் இருக்கும் எங்கள் வீடுகளில்தான் முதலில் தண்ணீர் நுழையும். மணிக்கு ஒருமுறை தானாக ஓடி, ஆற்று மட்டத்தைப் பார்த்து, ஏறினால் எங்கள் கைபேசிகளுக்குச் செய்தி அனுப்பும் நிரலை எழுதியவள் சுனில்தாதான். அந்த மழைக்காலத்தில் அது ஊமையாகிவிட்டது. ஆறு ஏறியது, செய்தி வரவில்லை. என் பக்கத்து வீட்டு ஞா தொமாசாவின் மெத்தை மிதந்தது. வயதான பெண்களை 'ஞா' சேர்க்காமல் சொன்னால் எங்கள் ஊரில் வளர்த்தவர்களைத்தான் திட்டுவார்கள்.

கூட்டுறவுத் தலைவர் எலிஹியோ வந்து நின்றார்.

"அடுத்த தடவையும் இது வாயைத் தொறக்கலேன்னா தலைநகர்க் கம்பெனிக்குக் குடுத்துடுவேன். நீ உங்கப்பாகூட வலை இழுக்கப் போகலாம்."

"எனக்கு வலையும் இழுக்கத் தெரியும், தலைவரே. உங்களுக்கு எது தெரியும்?"

அவர் போனதும் அவள் முகம் வாடிவிட்டது. கையால் ஓட்டினால் நிரல் ஒழுங்காக ஓடியது. தானாக ஓடும்போதுதான் நின்றது. ஏன் என்று சொல்ல யாரும் இல்லை.

"ஒவ்வொரு நிரலுக்கும் ரெண்டு வாய், எல்வா," என்றாள் என்னிடம். "முதல் வாய் நடந்ததைச் சொல்லும். ரெண்டாவது வாய் புலம்பும். ரெண்டையும் கோப்புல எழுதச் சொல்லியிருக்கேன். புலம்பல் மட்டும் ஒரு வரி கூட இல்ல."

ரொட்டியை எங்கே வைக்க என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சிரிலோ இருக்கற இடத்துலயே எனக்கும் வை," என்றாள். எழுத்தர் சிரிலோ ஜன்னலோர மேசையில் இருந்தார். அங்கே வைத்தேன். பிறகு அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மாமர நிழலுக்கு, தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகை நீர் குடிக்கப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் சுனில்தாவும் மரத்தடிக்கு வந்தாள்.

"என் சீபா எங்க?"

"ஜன்னல் மேசையில."

"சிரிலோ இருக்கற இடத்துலதானே வைக்கச் சொன்னேன்?"

"நீங்க சொன்னப்போ அவர் அங்கதான் இருந்தாரு."

"ஒருவேளை நீயே தின்னுட்டியோ," என்று என்னைச் சீண்டினார் சிரிலோ.

சுனில்தா சிரிக்கவில்லை. அப்படியே நின்றாள். பிறகு உள்ளே ஓடினாள். நாங்களும் பின்னால் போனோம். திரையில் அவள் விரல் வைத்த இடத்தில் இப்படி இருந்தது:

`2>&1 > rio.log`

"பாருங்க. ரெண்டாவது வாயை, முதல் வாய் இருக்கற இடத்துக்குப் போன்னு மொதல்ல சொல்லிட்டேன். அப்போ முதல் வாயே கோப்புக்கு வரல. அப்புறம்தான் முதல் வாயைக் கோப்புக்கு அனுப்பினேன். ரெண்டாவது பழைய இடத்துலயே நின்னு, யாருமில்லாத அறையில கத்திக்கிட்டு இருக்கு."

இடம் மாற்றி எழுதினாள்:

`> rio.log 2>&1`

அடுத்த மணிக்கு நிரல் தானாக ஓடியது. கோப்பைத் திறந்தாள். புலம்பல் வந்திருந்தது. தலையில் அலைக்கோடு போட்ட ஓர் எழுத்தைப் படிக்கத் தெரியவில்லையாம்: Ñ. 'ஞா'வின் எழுத்து.

சிரிலோ காதைச் சொறிந்தார். "செய்தி அனுப்பற பட்டியல்ல பேருங்க 'ஞா' இல்லாம மொட்டையா இருந்துச்சு. நான்தான் சேர்த்தேன். பெரியவங்களை மரியாதை இல்லாம எப்படி எழுதறது?"

"நல்லா எழுதுங்க. நிரலுக்கு நான் மரியாதை கத்துக்குடுக்கறேன்."

கையால் ஓட்டும்போது அவளுடைய கணக்கின் மொழி அமைப்பு அந்த எழுத்தைப் படிக்க உதவியிருந்தது. தானாக ஓடும்போது அந்த அமைப்பு இல்லை. ஒரே வரியில் அதைச் சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஆறு ஏறத் தொடங்கியது. மணி ஒன்றானதும் அலுவலகத்தில் ஒரு கைபேசி ஒலித்தது, பிறகு இன்னொன்று, பிறகு மீன் சந்தை முழுவதும். எலிஹியோவின் சட்டைப்பையும் ஒலித்தது. அவர் படித்தார், தொப்பியை மாட்டிக்கொண்டு, சாமான் ஏற்ற வண்டி பிடிக்கப் போனார்.

ஞா தொமாசா கைபேசியில் கூப்பிட்டார். சுனில்தா எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"என் பேரைச் சரியாப் போட்டிருக்கடி. கட்டிலைத் தூக்க ஆள் அனுப்பு."

"நானே வர்றேன், ஞா தொமாசா."

ஆற்றோரத்தில் சக்கரம் நனைய, சாமான் ஏற்றிய வண்டிகள் மேட்டுக்கு ஏறின. சாயங்காலம் ஆற்றுத் தண்ணீர் எங்கள் வீடுகளுக்குள் வந்தபோது அது நனைத்தது வெறும் தரையைத்தான்.