ஆர்டிஸின் கைக்குட்டை

கூட்டம் தொடங்கும் முன்பே கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்துக்கொள்வார் ஆர்டிஸ் கோல்ப். அழுகை இன்னும் வந்திருக்காது. ஆனால் வரும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றங்கரையில், எங்கள் ஊர் தேவாலயத்தில், வியாழக்கிழமைதோறும் நிறவெறியின் வரலாற்றைப் படிக்கக் கூடுகிற வெள்ளைக்காரர்கள் நாங்கள். எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள்; புத்தி கொஞ்சம் தாமதமாக வந்தவர்கள். எங்களில் ஆர்டிஸ்தான் முதல் மாணவி.

வாழ்நாளெல்லாம் ஊர்க் குழந்தைகளுக்குத் தனியார் கிளப்பில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். அவர் கோட்டில் இன்னும் குளோரின் வாசனை அடிக்கும். அடிக்கோடு போட்டுப் போட்டுப் புத்தகத்தின் தாள் கிழிந்திருக்கும். "இந்த வெள்ளைக்காரங்க இருக்காங்களே, எதுக்கும் துணிஞ்சவங்க" என்பார், தான் ஏதோ வேற்று நாட்டிலிருந்து வந்து இறங்கியவர் போல. கடையில் தனக்குப் பின்னால் கறுப்பினத்தவர் யாராவது வந்து நின்றால் போதும், "நீங்க முதல்ல போங்க" என்று தள்ளுவண்டியை ஒதுக்கிவிடுவார்.

ஒருநாள் அப்படி வழி கிடைத்தது வெர்னெல் பெட்வேக்கு. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரே கறுப்பினப் பெண்மணி, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், ஆர்டிஸின் வயதுதான். "பால் வாங்க வந்தேன் ஆர்டிஸ். வரிசையில முன்னாடி விட்டுட்டா எல்லாம் சரியாப்போச்சா?" என்று கேட்டுவிட்டார்.

மறுநாளே எலுமிச்சை கேக் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார் ஆர்டிஸ். வாசலிலேயே அழுதுவிட்டார். வெர்னெல் ஒரு கையில் கேக்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஆர்டிஸின் முதுகைத் தடவிக்கொடுத்தார். அழைத்துப் போன நான் காரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

எங்கள் பூங்காவின் புல்வெளிக்கு அடியில் ஊர் நீச்சல்குளம் புதைந்து கிடக்கிறது. கறுப்பினக் குழந்தைகளையும் உள்ளே விட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன கோடையில், ஊர்ப் பெரியவர்கள் அதில் மண்ணடித்து மூடிவிட்டார்கள். அடுத்த கோடையில் வெர்னெலின் அண்ணன் லீமன் குளிர்ச்சிக்காகக் கல்குவாரித் தண்ணீரில் குதித்தான். மேலே வரவில்லை. பூங்காவில் நிற்கிற பலகை இன்றைக்கும் 'பராமரிப்புச் செலவு காரணமாகக் குளம் மூடப்பட்டது' என்றுதான் சொல்கிறது.

பலகையை மாற்றச் சொல்லி நகர மன்றத்திடம் கேட்டுவந்தார் வெர்னெல். அவர்கள் பிடி கொடுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் ஆர்டிஸ் பக்கம் திரும்பினார்.

"மண் கொட்டின அன்னிக்கு லாரியில உங்கப்பா பக்கத்துல நீ உட்கார்ந்திருந்தே. வேலிக்கு வெளிய நாங்க நின்னோம். எதுக்கு மூடறாங்கன்னு அவர் சொல்லி நீ கேட்டிருப்பே. நான் சொன்னா, அண்ணனைப் பறிகொடுத்தவ ஏதோ பேசறான்னு தள்ளிடறாங்க. நீ சொன்னா கேட்பாங்க."

எங்கோ யாரோ செய்த கொடுமைக்கெல்லாம் குடம்குடமாக அழுதவருக்கு அன்று ஒரு சொட்டு வரவில்லை. கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நான் சின்னப் பொண்ணு அப்ப. எங்கப்பா நல்லவர், வெர்னெல்."

"நல்லவரா கெட்டவரான்னு நான் கேட்கலை. வந்து சொல்லுவியா?"

வந்தார். நகர மன்றத்தில் ஒலிவாங்கியின் முன் நின்று, "எங்கப்பா..." என்று ஆரம்பித்ததுமே உடைந்துபோனார். மன்றம் பதறியது. ஒருவர் தண்ணீர் எடுக்க ஓடினார், இன்னொருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். தலைவர் குரல் இளகிவிட்டது. "பாவம், இவங்களை ஏன் கஷ்டப்படுத்தணும்? இதை இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

லீமனின் பெயரை அதுவரை யாரும் சொல்லவேயில்லை. அத்தனை பேரும் ஆர்டிஸைச் சூழ்ந்து நின்றோம், நானும்தான். செத்தவனின் தங்கை பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்ன ஜென்மங்கள் நாங்கள் என்றிருந்தது எனக்கு.

"அழு, ஆர்டிஸ்" என்றார் வெர்னெல், இருந்த இடத்திலிருந்தே. "அழுது முடி. நான் உட்கார்ந்திருக்கேன். எனக்கு இது பழக்கம்தான்."

ஆர்டிஸ் தன் தோளைப் பிடித்திருந்த கைகளை விலக்கினார். கைக்குட்டையை என்னிடம் திணித்துவிட்டு மறுபடி ஒலிவாங்கிக்குப் போனார். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. துடைக்கவில்லை.

"கறுப்புப் பசங்க இறங்கின தண்ணியில என் பொண்ணு இறங்க மாட்டா, அதுக்கு இதை மூடித் தொலைக்கலாம்னார் எங்கப்பா. பேரு மெர்ல் கோல்ப். அந்தப் பொண்ணு நான். அடுத்த வருஷம் லீமன் பெட்வே குவாரியில செத்தான். நான் கிளப்புல நீச்சல் கத்துக்கிட்டேன்."

தலைவர் தன் முன்னால் இருந்த டிஷ்யூ பெட்டியை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார். ஆர்டிஸ் அதைத் திருப்பித் தள்ளினார்.

"எழுதிக்குங்க" என்றார்.